எல்லா ஜெல்லும் ஒரே ஜெல் இல்ல: உள்ள வைக்கிற ஜெல் மருந்து எப்படி வேலை செய்யுது

மன்னார்குடி பக்கம் சொந்தக்காரங்க மெடிக்கல்ல உக்காந்து எட்டு வருஷம் ஆச்சு, பி.ஃபார்ம் படிச்சதுக்கு உருப்படியா செஞ்சது அதான். அங்க ஒரு நாளைக்கு ஒரு தடவையாச்சும் "ஜெல்"லுங்கற வார்த்தை காதுல விழும். "ஜெல் வச்சும் வலி வரலயாம், ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க"ன்னு ஒரு அம்மா. ஸ்கேன் எடுத்துட்டு வந்த பொண்ணு, "வயித்துல ஏதோ ஜெல் மருந்து தடவுனாங்கக்கா, புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"ன்னு. இன்னொருத்தங்க, கடைல இருக்க ஆம்பளைங்க எல்லாம் போற வரைக்கும் ஓரமா நின்னுட்டு, வெள்ளைப்படுதலுக்கு எழுதிக்குடுத்த டியூப்ப நீட்டி "இத வெளில தடவுனா போதுமா?"ன்னு.

மூணு பேரும் சொன்னது மூணு வேற பொருள். ஸ்கேன் ஜெல்லுல மருந்தே கெடையாது, கருவிக்கும் தோலுக்கும் நடுவுல காத்து இல்லாம இருந்தாதான் ஒலி அலை உள்ள போவும், அதுக்காக தடவுறது, தொடச்சுட்டா முடிஞ்சுது. பிரசவ வலி வரவைக்க வைக்கிறது கர்ப்பப்பை வாய்க்கு. தொற்றுக்கு குடுக்குறது உள்ள போட வேண்டியது, வெளில தடவுனா பாதி மருந்து துணிக்குதான். இதுல படிச்சவங்க கூட பண்ற ஒரு தப்பு இருக்கு, "ஜெல்லுன்னா கெட்டியா இருக்கும், ஒட்டிக்கும், அதனால மருந்து மெல்ல மெல்ல இறங்கும்"னு மூணையும் சேத்து சொல்லிடுறாங்க. கெட்டியா இருக்கறது ஒரு கொணம், ஒட்டிக்கிட்டு நிக்கிறது வேற, மருந்த மெதுவா விடுறது வேற. மூணையும் தனித்தனியா செஞ்சு சேக்கணும். அதத்தான் இங்க சொல்ல வர்றேன்.

வார்த்தைய ஒரு தடவ சொல்லிடுறேன், யோனி. நாமெல்லாம் "கீழ"ன்னு சொல்லிட்டு போயிடுவோம், ஆனா "கீழ"ன்னா மூத்திரம் போற எடமா, வெளித்தோலா, கர்ப்பப்பை வாய் வரைக்கும் போற உள்பாதையான்னு தெரியாமதான் பாதிப்பேரு மருந்த எடம் மாத்தி போடுறாங்க. அந்த உள்பாதைதான் யோனி.

ஜெல்லுக்குள்ள என்னா இருக்கு

சப்ஜா வெதைய தண்ணில போட்டு பத்து நிமிஷம் கழிச்சு பாருங்க. ஒவ்வொரு வெதைய சுத்தியும் ஒரு வழவழப்பு உருண்டை. அந்த உருண்டைல முக்காவாசிக்கு மேல தண்ணிதான், ஆனா அது தண்ணி மாதிரி ஓடாது. பாதாம் பிசினும் அப்படித்தான், ராத்திரி ஒரு துண்டு ஊறப்போட்டா காலைல டம்ளர் நெறைய இருக்கும். எங்கேந்து வந்துச்சு அவ்வளவும்? தண்ணிதான், பிசின் அத புடிச்சு வச்சுக்குச்சு.

எப்படி புடிக்குது? உள்ள நீள நீளமா நூலு மாதிரி மூலக்கூறு இருக்கு, ஒரே துண்டு ஆயிரக்கணக்குல கோத்த மாதிரி சங்கிலி, இதுக்குப் பேரு பாலிமர். இந்த சங்கிலிங்க ஒண்ணோட ஒண்ணு முடிச்சு போட்டுக்கிட்டா நாகப்பட்டினம் பக்கம் காயப்போட்டிருக்க மீன்வலை மாதிரி ஆயிடும். வலைக்கண்ணுக்குள்ள தண்ணி மாட்டிக்கும். தண்ணிய புடிச்சு வச்சுக்கிற பாலிமர் வலை, இதான் ஹைட்ரோஜெல். நமக்கு புதுசு ஒண்ணுமில்ல, பச்சப்புள்ளைக்கு போடுற டயப்பர்ல இருக்க பவுடரும் இந்த சாதிதான், கண்ணுல போடுற சாஃப்ட் லென்ஸும் இந்த சாதிதான். செக்கோஸ்லோவாக்கியால ஓட்டோ விக்டெர்லே, டிராஹோஸ்லாவ் லிம்னு ரெண்டு பேரு 1960ல மனுஷ உடம்புக்கு ஒத்துப்போற மாதிரி ஹைட்ரோஜெல் பண்ணலாம்னு எழுதுனாங்க, அதுலேந்துதான் அந்த லென்ஸ் வந்துச்சு. அந்த விக்டெர்லே மொத லென்ஸ் மிஷின வீட்டுல புள்ளைங்க வெளயாடுற இரும்பு செட்ட வச்சு கோத்தாராம், படிக்கிறப்ப எனக்கு ரொம்ப புடிச்ச கதை.

இதுவரைக்கும் சொன்னது இவ்வளவுதான்: பாலிமர்ங்கறது நூலு, ஹைட்ரோஜெல்ங்கறது தண்ணி புடிச்ச வலை. மருந்து அந்த தண்ணிலயோ வலைலயோ கலந்து ஒக்காந்திருக்கும்.

மேட்டூர்லேந்து வரணுமா, வயல்லயே போர் போடலாமா

மாத்திரைய முழுங்குனா வேல செய்யாதா, எதுக்கு இந்த சங்கடம்? எல்லாரும் கேக்குறாங்க, நியாயமான கேள்விதான்.

மேட்டூர்ல தண்ணி தொறந்தா கல்லணை வரவே ரெண்டு மூணு நாளாவுது, அப்பறம் காவேரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்னு பிரிஞ்சு, கிளையாறு, வாய்க்கா, மதகுன்னு வந்து, கடைசில வேதாரண்யம் பக்கம் கடைமடைக்காரனுக்கு சேத்து நனையிற அளவாச்சும் வருமான்னு தெரியாது. அவனுக்கு ஒரு மா நெலம் நனையணும்னா மேட்டூர்ல எவ்வளவோ தொறக்கணும். முழுங்குற மாத்திரையும் அந்த கதைதான். வயிறு, குடல், அங்கேந்து மொதல்ல ஈரல், ஈரல் தன் பங்குக்கு கொஞ்சத்த அழிச்சிடும், மிச்சம் ரத்தத்துல கலந்து தலை முடிலேந்து கால் கட்டை விரல் வரைக்கும் போவும், அதுல ஒரு துளிதான் யோனிக்கு. பக்கவிளைவு எங்கேந்து வருதுன்னா, வழில நனைஞ்ச வயலுங்ககிட்டேந்துதான்.

கணக்கா சொல்றேன். மெட்ரோனிடசோல்னு ஒரு மருந்து, யோனில கெட்ட பாக்டீரியா பெருகி மீன்வாடை மாதிரி வர்ற பிரச்சனைக்கு குடுப்பாங்க. மாத்திரையா குடுத்தா வழக்கமா 500 மில்லிகிராம், நாளைக்கு ரெண்டு, 7 நாள், மொத்தம் 7000 மில்லிகிராம். அதே மருந்து 0.75 சதவீத ஜெல்லா குடுத்தா ஒரு தடவைக்கு 5 கிராம் ஜெல், அதுல மருந்து 37.5 மில்லிகிராம், ராத்திரி ஒரு தடவ, 5 நாள். கூட்டுனா 187.5 மில்லிகிராம். ஏழாயிரம் எங்க, இருநூறு கூட இல்லாதது எங்க, ஆனா ரெண்டையும் டாக்டருங்க ஒரே வரிசைலதான் வச்சிருக்காங்க. ஜெல் போட்டா ரத்தத்துல ஏறுற உச்ச அளவு 500 மில்லிகிராம் மாத்திரை ஒண்ணு போட்டா ஏறுறதுல சுமாரா 2 சதவீதம்தான். வாய் கசப்பு, கொமட்டல்னு மாத்திரைல படுற பாடு அதனால கொறையுது. மருந்து தேவைப்பட்ட எடத்துல மட்டும் வேல செய்யுற மாதிரி குடுக்குறதுக்கு, இட மருந்துன்னு நான் பேரு வச்சுக்கிறேன். வயல்லயே போர் போட்ட மாதிரி. ஆனா போர் தண்ணி எல்லாத்துக்கும் ஆவாது, தொற்று கர்ப்பப்பைக்குள்ள ஏறிட்டா ஜெல் மட்டும் போதாது, அத டாக்டர்தான் பாத்து சொல்லணும்.

அந்த எடமே ஒரு தனி உலகம்

யோனி சும்மா ஒரு குழாய் இல்ல. உள்பக்கம் மடிப்பு மடிப்பா இருக்கும், மேல ஒரு வழவழப்பு படலம், மியூக்கஸ். சத்தமில்லாம ரெண்டு வேல நடந்துக்கிட்டே இருக்கு.

ஒண்ணு புளிப்பு. பழையசோத்து நீராகாரம் ஏன் புளிக்குது? அதுல இருக்க நல்ல கிருமி லாக்டிக் ஆசிட்ட உண்டாக்குது. யோனிலயும் லாக்டோபாசிலஸ்னு அதே மாதிரி ஒரு கிருமி குடியிருந்து லாக்டிக் ஆசிட் பண்ணிக்கிட்டே இருக்கும், அதனால அங்க பிஹெச் 3.8லேந்து 4.5 வரைக்கும். (பிஹெச்ங்கறது புளிப்ப அளக்குற எண்ணு, 7 வந்தா நடுநிலை, கீழ போகப்போக புளிப்பு.) இந்த புளிப்புதான் வரப்பு, கண்ட கிருமியும் உள்ள வராம காக்குது. சோப்பு போட்டு உள்ள கழுவுறது வரப்ப வெட்டி விடுறதுதான். அதுக்காக, தயிர எடுத்து உள்ள வச்சா நல்லதான்னு கேட்டவங்களும் இருக்காங்க, வேணாங்க, தயிர் சோத்துக்குதான்.

ரெண்டாவது, தானே தன்ன கழுவிக்கிறது. மேல்படல செல்லு உதிர்ந்துக்கிட்டே இருக்கும், ஈரம் கசிஞ்சு கீழ எறங்கிக்கிட்டே இருக்கும், கூட நாம நடக்குறோம், குனிஞ்சு நாத்து நடுறோம், பூமி இழுக்குது. மருந்து செய்யிறவங்களுக்கு இதான் தலைவலி. என்னத்த உள்ள வச்சாலும் அது வெளில வரத்தான் பாக்கும். அதனாலதான் ராத்திரி படுக்கப்போறப்ப போட சொல்றது, வேற ரகசியம் இல்ல.

ஒட்டுறது

சாதா கெட்டி ஜெல் எடுத்து வச்சா என்னாவும்? கஞ்சிப்பானைல ஒட்டுன கஞ்சி மாதிரி கொஞ்ச நேரம் இருந்துட்டு வழிஞ்சுடும். நிக்கணும்னா அந்த மியூக்கஸ்லயே புடிச்சுக்கணும். வெண்டைக்காய் நறுக்குன கைய கழுவிப் பாத்திருக்கீங்களா, தண்ணி ஊத்த ஊத்த வழவழப்பு போவாது. மியூக்கஸும் அந்த மாதிரி நீள நூலுங்கதான். ஜெல்லோட பாலிமர் நூலு ஈரத்த உறிஞ்சி உப்பி, மியூக்கஸ் நூலுக்குள்ள பூந்து ரெண்டும் சிக்கிக்குது, சின்னச்சின்ன இழுவிசைல கோத்துக்குது. ஜெல் இப்படி மியூக்கஸோட சிக்கி நிக்கிறதுக்கு மியூக்கோஅட்ஹீஷன்னு பேரு, பேரு பெருசு, விஷயம் ரெண்டு சடை பின்னிக்கிற மாதிரிதான்.

பாலிகார்போஃபில்னு ஒரு பாலிமர் இந்த வேலைக்கு பேர் போனது, டயப்பர் பவுடரோட ஒண்ணுவிட்ட தம்பி. அது ரெண்டு மூணு நாள் வரைக்கும் சுவத்துல புடிச்சுக்கிட்டு நிக்கும், அதுக்கு மேல நிக்க முடியாது, ஏன்னா அது புடிச்சிருக்க செல்லே உதிர்ந்துடும். சுண்ணாம்பு அடிச்ச செவுரு பொரிஞ்சு விழுந்தா மேல ஒட்டுன நோட்டீஸும் சேந்துதான் விழும்.

நம்ம கடற்கரைக்காரங்களுக்கு ஒரு செய்தி, இறால் ஓடு நண்டு ஓட்டுலேந்து கைட்டோசான்னு ஒரு பாலிமர் எடுக்குறாங்க. அதுல நேர்மின்னூட்டம், மியூக்கஸ்ல எதிர்மின்னூட்டம், காந்தம் மாதிரி இழுத்துக்கும். ஆராய்ச்சில இத ரொம்ப பேசுறாங்க. குப்பைல கொட்டுற இறால் ஓட்டுக்கு இப்படி ஒரு சோலி இருக்குன்னு தெரிஞ்சப்ப எனக்கு சிரிப்பாதான் இருந்துச்சு.

மெதுவா விடுறது, இதான் நெஜமான வித்தை

இப்ப முக்கியமான எடம், கொஞ்சம் நிதானமா படிங்க. ஒட்டிக்கிட்டு இருந்தா மட்டும் மருந்து மெதுவா வராது. மருந்து மூலக்கூறு ரொம்ப சின்னது, வலைக்கண்ணு பெருசு. கெண்டை புடிக்கிற வலைல அயிரை நிக்குமா? சாதா ஜெல்லுல கலந்த சின்ன மருந்து சில மணி நேரத்துல பெரும்பாலும் வெளில வந்துடும். ஜெல் நாள் பூரா அங்கயே நிக்கலாம், ஆனா காலி சாக்காதான் நிக்கும்.

மெதுவாக்குறதுக்கு என்ன பண்ணணும்? மணல்பாங்கான நெலத்துல தண்ணி விட்டா மறுநாளே வடிஞ்சுடும், களிமண்ணு புடிச்சு வச்சு மெல்ல விடும், ரெண்டுலயும் ஊத்துன தண்ணி ஒண்ணுதான், மண்ணுல இருக்க சந்துதான் வேற. அந்த மாதிரி மொத வழி, வலைய நெருக்கமா பின்னுறது, மருந்து வளைஞ்சு நெளிஞ்சு வர நேரமாவும். அதிகமா இருக்க எடத்துலேந்து கொறைவா இருக்க எடத்துக்கு மருந்து தானா நகர்றதுக்கு ஊடுபரவல்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிருப்போம், அத தடுக்குறதில்ல, தாமதப்படுத்துறது. ரெண்டாவது வழி, ஜெல்ல காஞ்ச துண்டா வச்சு, உள்ள போயி ஈரம் பட்டு அது ஊற ஊற மருந்து கரைஞ்சு வர்றது. மூணாவது, வலையே கொஞ்சங்கொஞ்சமா கரைஞ்சு, கரையிற அளவுக்கு மருந்து வெளில வர்றது, பனங்கற்கண்டு வாயில கரையிற மாதிரி. பெரும்பாலும் இதுல ரெண்டு மூணு சேந்துதான் நடக்கும். நம்ம சனத்துக்கு இந்த புத்தி புதுசு இல்ல, யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம்புண்ணாக்கு 1 பங்கு கலந்து ஒரு ராத்திரி வச்சு வயல்ல போடுறது எதுக்கு? சத்து ஒரேடியா ஓடிடக் கூடாதுன்னுதான். (அங்க வேம்பு மண்ணு கிருமிய அடக்கி மெதுவாக்குது, வழி வேற, நோக்கம் ஒண்ணு.)

மொதல்ல சொன்ன "ஜெல் வச்சாங்க" கதைக்கு இப்ப வரலாம், ஏன்னா இத விட நல்ல உதாரணம் கெடைக்காது. டைனோப்ரோஸ்டோன்னு ஒரு மருந்து, கர்ப்பப்பை வாய் கல்லு மாதிரி இறுக்கமா இருந்தா அத இளக்கி வலி வர வழி பண்ணும். இது ஒண்ணு சிரிஞ்சுல அடைச்ச ஜெல்லா வருது, அதுல மருந்து வெறும் 0.5 மில்லிகிராம், ஃப்ரிட்ஜ்லதான் வைக்கணும், கர்ப்பப்பை வாய்க்குள்ள வச்சுட்டு 15லேந்து 30 நிமிஷம் அப்படியே படுத்திருக்க சொல்வாங்க, இல்லன்னா வழிஞ்சுடும். தேவைப்பட்டா 6 மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு. இந்த ஜெல் மெதுவா விடுற ஜெல் இல்ல, மருந்த எடத்துல சேக்குற ஜெல், அவ்வளவுதான்.

அதே மருந்து இன்னொரு ரூபத்துலயும் இருக்கு. தட்டையா ஒரு சின்ன ஹைட்ரோஜெல் வில்லை, நாடா கோத்தது. அதுக்குள்ள 10 மில்லிகிராம் மருந்து, இருபது மடங்கு! பயந்துடாதீங்க, வில்லை ஈரத்துல ஊறி ஒரு மணி நேரத்துக்கு சுமாரா 0.3 மில்லிகிராம்தான் விடும், 12 மணி நேரம் வச்சிருந்தாலும் நாலு மில்லிகிராம் கூட வெளில வந்திருக்காது. வலி ரொம்ப வேகமா வந்துட்டா நாடாவ புடிச்சு இழுத்து எடுத்துடலாம், மதகு பலகைய எறக்குன மாதிரி. சிரிஞ்சுல வச்ச ஜெல்ல அப்படி திருப்பி எடுக்க முடியாது. ஒரே மருந்து, ஏறக்குறைய ஒரே எடம், ரெண்டையும் "ஜெல்"லுன்னு சொல்லலாம், ஆனா ஒண்ணு வாய்க்கா தண்ணி, இன்னொண்ணு சொட்டுநீர்.

சுருக்கமா, ஒட்டுறது ஜெல் எவ்வளவு நேரம் இருக்கும்னு சொல்லும், வலையோட பின்னல் மருந்து எவ்வளவு நேரம் வரும்னு சொல்லும்.

குளிர்ந்தா தண்ணி, சூடானா கெட்டி

தேங்காயெண்ணெய் மார்கழில உறைஞ்சு வெயில்ல உருகும். போலாக்சமர்னு ஒரு பாலிமர் தலைகீழ். சரியான அளவுல கலந்தா குளிர்ச்சில தண்ணி மாதிரி ஓடும், உடம்பு சூடு பட்டதும் கெட்டியாயிடும். தண்ணியா உள்ள விட்டா மடிப்புக்குள்ள எல்லாம் பரவி அங்கயே உறைஞ்சுக்கும், நல்ல யோசனைதான். ஆனா இது தனியா ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்காது, ஈரத்துல கரைஞ்சுடும், அதனால ஒட்டுற பாலிமர் ஒண்ண கூட சேப்பாங்க. பாருங்க, இங்கயும் கெட்டியாவுறது வேற, ஒட்டுறது வேற.

சறுக்குன எடம்

மருந்த மட்டும் பாத்துட்டு ஜெல்ல பாக்காம விட்டா என்ன ஆவும்ங்கறதுக்கு கருவாடு போதும். மீன் மேல உப்பு போட்டா தண்ணி வெளில வந்துடுதுல்ல? கிளிசரின் அதிகமா சேத்த ஜெல்லும் அதே மாதிரி யோனிச் சுவத்து செல்லுலேந்து தண்ணிய உறிஞ்சும், படலம் உரிஞ்சு எரிச்சல் வரும். கரைஞ்ச பொருள் எவ்வளவு அடர்த்தியா இருக்குங்கற அளவுக்கு ஆஸ்மோலாலிட்டின்னு பேரு. நம்ம ரத்தத்துல அது 290 பக்கம். யோனில போடுற வழுக்கு ஜெல்லுங்களுக்கு 380க்கு கீழ இருந்தா நல்லது, 1200க்கு மேல போகவே கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2012ல சொல்லிச்சு.

நோனாக்ஸினால்-9ன்னு விந்தணுவ கொல்ற மருந்து, ஆய்வுக்கூடத்துல எச்.ஐ.வி கிருமியையும் கொன்னுச்சு. ஆனா பொண்ணுங்ககிட்ட ஜெல்லா குடுத்து சோதிச்சப்ப, அடிக்கடி போட்டவங்களுக்கு தொற்று கூடுதலாதான் வந்துச்சு. 2000ல தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல நடந்த எய்ட்ஸ் மாநாட்டுல அந்த முடிவ சொன்னாங்க. கிருமிய கொல்ற மருந்து படலத்தையும் சேத்து புண்ணாக்கிடுச்சு, களைக்கொல்லி அடிச்சு நாத்தே கருகுன மாதிரி.

அப்பறம் டெனோஃபோவிர்னு எச்.ஐ.வி கிருமிய அடக்குற மருந்து, அதோட 1 சதவீத ஜெல். தென்னாப்பிரிக்கால 889 பொண்ணுங்கள வச்சு பண்ண ஆய்வுல எச்.ஐ.வி தொற்று 39 சதவீதம் கொறைஞ்சுதுன்னு 2010ல சேதி வந்தப்ப பெரிய கொண்டாட்டம். 2015ல அங்கயே பெருசா இன்னொரு ஆய்வு, பலனே இல்லன்னு முடிவு. மருந்து மாறல. உறவுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ஒவ்வொரு தடவையும் போடணும், புருஷன் எப்ப வருவான்னு தெரியாத வீட்டுல, மாமியாரோட ஒரே ரூம்ல இருக்க பொண்ணுக்கு அது நடக்குற காரியமா? அதனாலதான் மாசத்துக்கு ஒரு தடவ வைக்கிற சிலிக்கோன் வளையம் பக்கம் பார்வை போச்சு, டாபிவிரின்னு இன்னொரு எச்.ஐ.வி மருந்து 25 மில்லிகிராம் வச்ச வளையத்த உலக சுகாதார நிறுவனம் 2021ல பரிந்துரைச்சுது. சிலிக்கோன் ஹைட்ரோஜெல் இல்ல, தண்ணி புடிக்காது, ஆனா மெதுவா விடுற தத்துவம் அதேதான். மெதுவா விடுறதுங்கறது வெறும் வேதியியல் இல்ல, பொம்பளையோட நேரத்தையும் மறைவையும் மிச்சம் பண்றது, இது என் கருத்து.

வெள்ளையா கட்டி கட்டியா வருதே

கடைசியா இத சொல்லிடுறேன், இதுக்குத்தான் போன் ஜாஸ்தி வருது. குழந்தைக்காக ட்ரீட்மென்ட் எடுக்குறவங்களுக்கு புரோஜெஸ்டிரோன் ஜெல் எழுதுவாங்க, 8 சதவீதம், ஒரு தடவைக்கு 90 மில்லிகிராம், மேல சொன்ன பாலிகார்போஃபில் கலந்தது. யோனி வழியா போட்டா இந்த ஹார்மோன் பக்கத்துல இருக்க கர்ப்பப்பைக்கு நேராவே நெறைய போயி சேருது, ரத்தத்துல அளவு கொறைவா இருந்தாலும். ஒத்த வாய்க்கா, நேர் மதகு.

நாலஞ்சு நாள் போட்ட பெறகு வெள்ளையா, திரிஞ்ச பால் மாதிரி கட்டி வெளில வரும். போன மாசம் திருத்துறைப்பூண்டி பக்கத்துலேந்து ஒரு பொண்ணு ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணி அழுவுது, "எல்லா மருந்தும் வந்துருச்சுக்கா, இவ்வளவு காசு குடுத்து வாங்குனது, இன்னொண்ணு போட்டுக்கவா?"ன்னு. எப்ப போட்டன்னு கேட்டேன், நேத்து ராத்திரி, அதுக்கு மொத நாள், அதுக்கும் மொத நாள்னு சொல்லிச்சு. ரத்தம், வலி, அரிப்பு, வாடை ஏதாச்சும் இருக்கான்னு கேட்டேன், அப்படி இருந்தா டாக்டர்கிட்டதான் போவணும், இல்லன்னுச்சு. "உங்க வீட்டுல வயலு இருக்கா?"ன்னேன். "அஞ்சு மா இருக்குக்கா." "உரம் போட்ட பெறகு காலி சாக்கு வரப்புல கெடந்தா, உங்க அப்பா உரம் போச்சேன்னு அழுவாரா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்பறம், "அப்ப இது சாக்காக்கா?"ன்னுச்சு.

சாக்குதான்.